கடவுளைப் பற்றிச் சரியாக நம்புவது அவ்வளவு முக்கியமா? அன்பு மட்டும் போதாதா?

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வாரமாக மனதை அரிக்கிற விஷயம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜெபக் குழுவில் ஒரு அக்கா. அவர்களுடைய மகன் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாக்குத்தத்த வசனங்களை எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து தான் செய்த பாவங்கள். ஒவ்வொன்றுக்கும் எண். அதை அறிக்கையிட்டு உபவாசம் இருப்பார்கள். பையனுக்குக் குணமாகவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நான் பார்த்த பக்கத்தில் எண் 61. பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடிவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணின் மேல் பழி போட்டது. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது.

"எது என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அவர் கோபம் தணிந்துவிடும்" என்றார்கள்.

எனக்குப் பேச வாய் வரவில்லை. குழுவை நடத்துகிற அண்ணனிடம் சொன்னேன். "இது உபதேசம் பேசுகிற நேரம் இல்லை, தங்கச்சி. அன்பு காட்டினால் போதும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அக்காவைத் தின்றுகொண்டிருப்பதே ஒரு உபதேசம் அல்லவா? கடவுள் ஒரு கணக்குப்பிள்ளை, பழைய கணக்கு தீரும் வரை பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பார் என்கிற உபதேசம். அதைத் தொடாமல் எப்படி அன்பு காட்டுவது?

கடவுளைப் பற்றி நாம் சரியாக நம்புவது எவ்வளவு முக்கியம்? வேதம் என்ன சொல்கிறது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எளியவன்

சிஸ்டர், அந்தத் தாய்க்காக ஜெபிக்கிறேன். ஆனாலும் உங்கள் அண்ணன் பக்கம்தான் நான் நிற்பேன்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதைக் குறிக்கிற திரித்துவம் என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூட உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் விடியற்காலையில் அவர் ஜெபிக்கும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். அவருடைய விசுவாசத்தில் பாதி எனக்கு இருந்தால் போதும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு என்ன உபதேசம் தெரியும்? அன்றைக்கே பரதீசுக்குப் போனான். பரிசேயருக்கு எல்லாம் தெரியும், என்ன பிரயோஜனம்? தேவன் ஒருவரே என்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19-இல் இருக்கிறது. சரியான நம்பிக்கை யாரையும் காப்பாற்றவில்லை.

உபதேசம், உபதேசம் என்று சபைகள் உடைந்ததுதான் மிச்சம்.

இறையியல் மாணவி

எளியவன் அண்ணா, உங்கள் பாட்டியைப் பற்றி வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன கள்ளனையே எடுத்துக்கொள்வோம். லூக்கா 23:40 முதல் 42 வரை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அந்த மனிதன் என்னென்ன நம்பினான்? தேவனுக்குப் பயப்பட வேண்டும். எனக்குக் கிடைத்திருப்பது நியாயமான தண்டனை. பக்கத்தில் தொங்குகிறவர் குற்றமற்றவர். ஆணியடிக்கப்பட்டு ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கிற இவருக்கு ஒரு ராஜ்யம் இருக்கிறது. மரணம் அதைத் தடுக்காது. என்னைப் போன்றவன் கேட்டாலும் இவர் நினைத்தருளுவார். அந்த நேரத்தில் சீஷர்களில் பலர்கூட இவ்வளவு நம்பவில்லை! அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் சரியாக இருந்தது.

கொஞ்சமாகத் தெரிவது வேறு, தவறாகத் தெரிவது வேறு. உங்கள் பாட்டிக்குத் திரித்துவம் என்ற சொல் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிதாவே என்று கூப்பிட்டு, இயேசுவின் நாமத்தில் கேட்டு, ஆவியானவரின் துணையோடு ஜெபித்திருப்பார். சொல் தெரியாமலே அந்தச் சத்தியத்துக்குள் வாழ்ந்திருக்கிறார். நோட்டு எழுதுகிற அக்காவுக்குச் சொற்கள் எல்லாம் தெரிந்திருக்கும். கடவுளின் முகம் மட்டும் மாறிப்போயிருக்கிறது.

மத்தேயு 25-இல், எஜமான் நம்பிக் கொடுத்த ஒரு தாலந்துப் பணத்தை வாங்கி மண்ணில் புதைத்தவனைப் பாருங்கள். ஏன் புதைத்தான்? சோம்பேறி என்று நாம் சட்டென்று கடந்துவிடுகிறோம். எஜமானும் அவனை அப்படித்தான் அழைக்கிறார், உண்மைதான். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எஜமானைப் பற்றியது: நீர் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன். அதற்கு அப்புறம்தான் "பயந்து" என்கிறான், அதற்கு அப்புறம்தான் புதைத்த கதை. எஜமானைப் பற்றி முடிவுகட்டிய பிறகு, மண்வெட்டியை எடுக்க வேறு காரணம் தேவைப்படவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் அதே எஜமான்தான். அவர்கள் சந்தோஷத்துக்குள் போனார்கள்.

யாத்திராகமம் 32:5-ஐயும் பாருங்கள். ஜனங்கள் தொழுவதற்குப் பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன் வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்லவில்லை. "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றான். பெயர் சரி, உருவம் தவறு. நம் காலத்தில் கன்றுக்குட்டியை யாரும் வார்ப்பதில்லை, மனதுக்குள் செய்துகொள்கிறோம். அதற்கும் கர்த்தர் என்றுதான் பெயர் வைக்கிறோம்.

வழிப்போக்கன்

யோவான் 17:3. ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எளியவன்

அந்த வசனத்தில் "அறிவது" என்றால் பாடம் படிப்பது இல்லையே, பிரதர். உறவில் அறிவது. அதைத்தானே நானும் சொல்கிறேன்!

இறையியல் மாணவி

உறவுதான், அண்ணா. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவரைப் பற்றி நான் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தால் அவரோடு எனக்கு என்ன உறவு இருக்கும்? தன் அப்பா தன்னை வெறுக்கிறார் என்று ஒரு பையன் நம்புகிறான் என்று வையுங்கள். அப்பா வாசலுக்கு வந்தால் இவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். அப்பா உண்மையில் எப்படிப்பட்டவர் என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியாமலே போகும். ஒரே வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

ரோமர் 10:2-இல் பவுல் தன் சொந்த ஜனத்தைப் பற்றிச் சொல்வது இதுதான். வைராக்கியம் உண்டு, ஆனால் அது அறிவுக்கேற்றது இல்லை. பரியாசமாகச் சொல்லவில்லை. முந்தின அதிகாரத்தில் அவர்களுக்காகத் தான் சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்று அழுத மனிதர் அவர்.

கேள்விக்குறி

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த "சரியான நம்பிக்கை" யார் முடிவு செய்தது? 325-இல் நிசேயாவில் ஒரு பேரரசன் ஆயர்களைக் கூட்டி, குமாரன் பிதாவோடு "ஒரே தன்மை" உடையவர் என்கிற ஒரு சொல்லை நிலைநாட்டி, ஒத்துக்கொள்ளாதவர்களை நாடு கடத்தினான். அந்தச் சொல்லுக்கும் பிற்பாடு சிலர் முன்வைத்த மாற்றுச் சொல்லுக்கும் கிரேக்கத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒரு எழுத்துக்காகப் பல பத்தாண்டுகள் சண்டை. இதையா விசுவாசம் என்கிறீர்கள்? நேர்மையாகத்தான் கேட்கிறேன்.

பழைய சுவடி

கேள்விக்குறி, நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த காலகட்டம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேரரசன் கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டினது உண்மை. குமாரனும் உண்டாக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுஸையும் அவரை ஆதரித்த சிலரையும் நாடு கடத்தினதும் உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நாடுகடத்தி யாரையும் விசுவாசத்துக்குள் கொண்டுவர முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே அரசனின் மனம் மாறியது. ஆரியுஸ் திரும்ப அழைக்கப்பட்டார். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியஸ் பேரரசனானபோது அரசின் ஆதரவு நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் போனது. நிசேயா அறிக்கையைக் காத்து நின்ற அத்தனாசியுஸ் 328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானார். 373-இல் இறந்தார். இந்த 45 ஆண்டுகளில் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 17 ஆண்டுகள் வெளியேதான். அரசன் சொன்னதால் நிலைத்த உபதேசம் என்றால், அரசர்கள் மாற்றிச் சொன்னபோதே அது காணாமல் போயிருக்க வேண்டும்.

சரி, எதற்காக இவ்வளவு பாடுபட்டார்? ஆரியுஸ் சொன்னது கேட்பதற்கு பக்தியாகத்தான் இருக்கும். பிதா ஒருவரே தொடக்கம் இல்லாதவர். குமாரன் சிருஷ்டிகளிலேயே முதன்மையானவர், மிக மேன்மையானவர், ஆனாலும் உண்டாக்கப்பட்டவர். அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது. கடவுளை உயர்த்துவதுபோல இல்லையா? அத்தனாசியுஸ் பார்த்தது வேறு. குமாரனே ஒரு சிருஷ்டி என்றால், இதுவரை நாம் தொழுதது சிருஷ்டியை. இன்னொன்று, நம்மைத் தேடி வந்தது கடவுள் இல்லை. அவர் தூரத்திலேயே இருந்துகொண்டு வேறு யாரையோ அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரால் நம்மைக் கடவுளோடு சேர்க்க முடியுமா? அவரும் இந்தப் பக்கக் கரையில் நிற்கிறவர்தானே.

அதனால்தான் பிதாவோடே ஒரே தன்மையுடையவர், ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்படாதவர் என்று அறிக்கை செய்தார்கள். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் இதையே உறுதி செய்து, பரிசுத்த ஆவியானவரைப் பற்றியும் தெளிவாகச் சொன்னது. அந்த ஒரு எழுத்து "ஒரே தன்மை" என்பதை "ஒத்த தன்மை" என்று ஆக்கிவிடும். அந்த மாற்றுச் சொல்லைச் சொன்னவர்களில் பலர் நல்ல எண்ணம் உள்ளவர்கள், பிற்பாடு நிசேயாவின் பக்கமே வந்தார்கள். அத்தனாசியுஸும் அவர்களைச் சகோதரர்களாகவே எண்ணிப் பேசினார். ஆனால் எனக்கு அந்த எழுத்து சின்ன விஷயம் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். கிணற்றடி அம்மா சொன்ன அந்தச் சகோதரியிடம் போய் "இயேசு நல்லவரா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றுதான் சொல்வார். குஷ்டரோகியைத் தொட்டவர், விதவையின் மகனை எழுப்பினவர் என்று எல்லாம் சொல்வார். ஆனால் அவர் மனதில் இயேசுவுக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். கோபமாக, கணக்கு நோட்டோடு. இயேசு கொஞ்சம் இறங்கி வருவார், அவர் இறங்க மாட்டார். சபையில் நிசேயா அறிக்கையைச் சொல்லிவிட்டு, வீட்டில் ஆரியுஸின் கடவுளிடம் ஜெபிக்கிறோம். இதில் நானும் உண்டு, பல வருடம் அப்படித்தான் ஜெபித்தேன்.

"என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று யோவான் 14:9-இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நிசேயாவில் அவர்கள் காத்தது இந்த ஒரு வரியைத்தான் என்று நினைக்கிறேன். பின்னால் வேறு யாரும் இல்லை.

கேள்விக்குறி

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எழுத்து என்று இனிமேல் லேசாகப் பேச மாட்டேன்.

வெளியே நின்றவன்

இந்த இழையை வாசித்துக்கொண்டே வந்தேன். என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வயதில், வாலிபர் கூட்டத்தில் திரித்துவத்தை விளக்கச் சொன்னார்கள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உற்சாகமாகச் சொன்னேன். எங்கேயோ கேட்டதுதான். அங்கிருந்த ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் "இது கள்ள உபதேசம்" என்றார். அவ்வளவுதான். ஏன் தவறு என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் பாட்டுக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நான்கு வருடம் எந்தச் சபைக்குள்ளும் கால் வைக்கவில்லை.

உபதேசம் முக்கியம் என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் வயிறு இறுகுகிறது. என் கேள்விக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவும் இல்லை.

இறையியல் மாணவி

பிரதர், உங்களுக்கு நடந்தது தவறு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அது பாவம். அந்த இடத்தில் நான் இல்லை, ஆனாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களுக்குப் பதில் கிடைக்க வேண்டும். அந்த உவமையில் ஒரே தண்ணீர்தான் மூன்று நிலைக்கு மாறுகிறது. பனிக்கட்டியாக இருக்கும்போது அது நீராவி இல்லை. இதை அப்படியே கடவுளுக்கு வைத்தால், ஒரே ஆள் மூன்று வேடம் மாற்றுகிறார் என்று ஆகிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட போதனை இது. ஆனால் இயேசு ஞானஸ்நானம் பெற்று யோர்தானிலிருந்து கரையேறியபோது என்ன நடந்தது? குமாரன் நதிக்கரையில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் (மத்தேயு 3:16, 17). வேடம் மாற்றுகிறவர் என்றால் கெத்செமனேயில் இயேசு யாரிடம் அழுதார்? தன்னிடமேயா?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது யோவான் 17:24. உலகம் உண்டாவதற்கு முன்பே பிதா தம்மில் அன்பாயிருந்தார் என்று ஆண்டவர் சொல்கிறார். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று ஒன்று யோவான் 4:8-இல் வாசிக்கிறோம் அல்லவா? சிருஷ்டி எதுவும் இல்லாத நாளில் அவர் யாரை நேசித்தார்? தனியாக இருந்தார் என்றால், நேசிப்பதற்கு அவருக்கு நாம் தேவைப்பட்டிருப்போம். அப்படி இல்லை. பிதாவும் குமாரனும் ஆவியானவரும் ஒருவரில் ஒருவர் என்றென்றைக்கும் அன்பாயிருக்கிறார்கள். அந்த அன்பு நிறைந்து நம் பக்கம் வழிந்தது. தேவைக்காக இல்லாமல் சும்மா நேசிக்கப்பட்டோம். எளியவன் அண்ணா, அன்பு போதும் என்றீர்களே, அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் திரித்துவத்தில்தான் போய் நிற்போம்.

வெளியே நின்றவன் பிரதர், அப்போஸ்தலர் 18-இல் அப்பொல்லோ வருகிறார். வேதத்தில் வல்லவர், ஆவியில் அனலுள்ளவர், ஆனால் யோவானுடைய ஞானஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் அவர் பேசுவதைக் கேட்கிறார்கள். எழுந்து கத்தவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு, அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டுகிறார்கள். அடுத்து அவரை அகாயாவுக்கு அனுப்ப, சகோதரர்கள் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

வெளியே நின்றவன்

நன்றி, சிஸ்டர். பதினொரு வருடம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

எளியவன்

கெத்செமனே பற்றிச் சொன்னது என்னையும் யோசிக்க வைத்தது. ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பாவத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று அந்தத் தாயிடம் சொல்லிவிடாதீர்கள். யோவான் 5:14-இல், அதிகக் கேடானதொன்றும் வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே என்று சொஸ்தமானவனிடம் ஆண்டவரே சொல்கிறாரே?

பழைய சுவடி

சரியான எச்சரிக்கை, தம்பி. சில நேரம் சம்பந்தம் உண்டு. ஆனால் ஒருவருடைய கஷ்டத்தைப் பார்த்து, பின்னோக்கிப் போய்ப் பாவத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை வேதம் நமக்குக் கொடுக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொல்கிறார் (லூக்கா 13:4, 5).

யோபின் சிநேகிதர்கள் செய்ததும் இந்த வேலைதான். அவர்கள் பேசினதைத் தனித்தனி வரியாக எடுத்தால் பாதிக்கு மேல் அழகான சத்தியம். எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியை பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது எடுத்துச் சொல்கிறார். ஆனாலும் யோபு 42:7-இல் கர்த்தர், என்னைக்குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். கத்திக் கதறி நியாயம் கேட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்கிறார்! எனக்கு இது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் புரிகிறது. சிநேகிதர்கள் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். யோபு மட்டும்தான் அவரிடம் பேசினான்.

எளியவன்

இதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஐயா. என் பாட்டியும் அப்படித்தான். அவரிடமேதான் பேசுவார், சில நாள் சண்டையும் போடுவார். உபதேசத்தை ஆயுதமாக எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான், அது போகாது. ஆனால் அந்தத் தாயிடம் யாராவது உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

கிணற்றடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் போனேன்.

எதையும் விளக்கவில்லை. யோவான் 9-ஐ வாசிக்கலாமா அக்கா என்று கேட்டேன். சரி என்றார்கள். இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசி என்றார்கள். வாசித்தேன். பைபிளை என் கையிலிருந்து வாங்கி, அவர்களே ஒருமுறை வாசித்தார்கள், "பெற்றவர்கள்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

அப்புறம் கேட்டார்கள்: "இதைச் சொன்னது இயேசு. பிதாவும் இதையேதான் சொல்வாரா?"

பழைய சுவடி ஐயா எழுதியது அப்படியே என் முன்னால் வந்து நின்றது. யோவான் 14:9-ஐ எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதார்கள். நானும்தான்.

பையனுடைய உடம்பு அப்படியேதான் இருக்கிறது. நோட்டு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது, அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமை வருவாயா, தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை என்றார்கள். எனக்கும் முழுசாகத் தெரியாது அக்கா, சேர்ந்து வாசிப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வசனத்தைப் பற்றி உங்களில் யாருக்காவது ஏதாவது தெரிந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் எழுதுங்கள்.